ஆபரேஷன் வலிக்கு ஹெட்ஃபோன் வைத்தால் குறையுமா?

#1 தேன்மொழி_மதுரை
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு அடுத்த வாரம் பித்தப்பைக் கல் ஆபரேஷன், சின்னத் துளை வழியா பண்ற லேப்ராஸ்கோப்பி. சுகர் இருக்கு, ஊசின்னாலே நடுங்குற ஆள் வேற. எங்க சித்தப்பா, "முடிஞ்சதும் ஹெட்ஃபோன்ல ஆனந்தபைரவி போட்டு விடு, வலி ஊசியே வேண்டாம்"னு அடிச்சுச் சொல்றார். கூடவே ஒரு ஆப் அனுப்பியிருக்கார், வருஷச் சந்தா கட்டணுமாம், "வலி நீக்கும் அதிர்வெண்"னு போட்டிருக்கு. ஆஸ்பத்திரில உண்மையிலேயே வலிக்கு ஒலியைப் பயன்படுத்துறாங்களா? யாராவது ஒழுங்கா ஆராய்ஞ்சு பார்த்திருக்காங்களா? சர்ஜன்கிட்ட கேட்கக் கூச்சமா இருக்கு, அதான் இங்க.

#2 கருப்பட்டி_காபி
சித்தப்பா தன் ஆபரேஷனுக்கு எந்த ராகம் கேட்டார்னு முதல்ல விசாரிங்க.

#3 மயக்கமருந்து_மாறன்
அனஸ்தீசியா எனக்குத் தொழில், அதனால் சொல்கிறேன். கூச்சப்பட ஒன்றுமில்லை, சர்ஜனிடமும் கேளுங்கள், மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

ஆராய்ச்சி நிறையவே இருக்கிறது. 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. ஆபரேஷனுக்கு முன்போ, நடக்கும்போதோ, பின்போ நோயாளிக்கு இசை கேட்க வைத்த 73 ஆய்வுகள், கிட்டத்தட்ட 7000 பேர். இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. வலி மருந்தும் சற்றுக் குறைவாகத் தேவைப்பட்டது. வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்கிறோமே, அந்த அளவில் சராசரியாக இரண்டு புள்ளி இறக்கம். ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்கள் மட்டும் குறையவில்லை. சித்தப்பாவுக்குக் காட்ட வேண்டிய செய்தியும் அதில் இருக்கிறது: என்ன இசை, யார் தேர்ந்தெடுத்தது, எப்போது போட்டது என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை.

"ஊசியே வேண்டாம்" என்பதுதான் எனக்கு ஆகாத பேச்சு. வழக்கமான மருந்து போய்க்கொண்டிருக்க, அதற்கு மேல்தான் இசை.

இன்னொன்று, லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏற்றுவார்கள். அதனால் முடிந்தபின் தோள்பட்டையில் வலி வரலாம். வயிற்றில் ஆபரேஷன் செய்து தோள் ஏன் வலிக்கிறது என்று அம்மா பயந்துவிடாமல் முன்பே சொல்லி வையுங்கள்.

#4 ஆதாரம்_எங்கே
டாக்டர் நல்ல பக்கத்தை மட்டும் காட்டிட்டுப் போறார். 2006-ல, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுற காக்ரேன் குழு இதே விஷயத்தை 51 ஆய்வுகள் வச்சு அலசினாங்க. அங்க கிடைச்சது பத்துக்கு அரைப் புள்ளி. அரை! ஆபரேஷன் முடிஞ்ச 24 மணி நேரத்துல மார்ஃபின் தேவை 15 சதவீதம் சொச்சம் குறைஞ்சது, மில்லிகிராம்ல பார்த்தா ஆறுக்கும் கீழ. நோயாளிக்கு இது எவ்வளவு தூரம் உதவும்னு தெளிவில்லைன்னு அவங்களே எழுதி வச்சாங்க.

அதை விடப் பெரிய ஓட்டை வேற. மாத்திரைன்னா மாவு மாத்திரை கொடுத்து ஏமாத்தலாம். பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க? காதுல பாட்டு ஓடுதா இல்லையான்னு நோயாளிக்குத் தெரியும். அன்பா ஹெட்ஃபோன் மாட்டிவிட்ட சிஸ்டரே வந்து "இப்ப வலி எப்படிம்மா?"ன்னு கேட்டா, நம்ம ஊர்ல யாராவது "அப்படியேதான் இருக்கு"ன்னு சொல்வாங்களா?

#5 சிஸ்டர்_ஜெபா
ஆதாரம் தம்பி சொன்ன கடைசி வரிக்காகவே லாகின் பண்ணினேன். ஆபரேஷன் முடிஞ்சவங்களை வைக்கிற வார்டுல ரொம்ப வருஷமா இருக்கேன். பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டா பாதிப் பேர் என் முகத்தைப் பார்ப்பாங்க. "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது", "சுரீர்னு இழுக்குது", "கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு", இதெல்லாம் வரும், நம்பர் வராது. வயசான அம்மாக்கள் வேர்த்து ஊத்திட்டுக் கிடப்பாங்க, கேட்டா "பரவால்ல கண்ணு, நீ போய்ச் சாப்பிடு"ம்பாங்க. அதனால நான் நம்பரை மட்டும் எழுதிட்டுப் போறதில்ல. இருமச் சொல்வேன். மூச்சை ஆழமா இழுக்கச் சொல்வேன். ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்வேன். படுத்திருக்கும்போது "இல்ல"ன்னு சொன்ன வலி, இருமும்போது பல்லைக் கடிக்க வைக்கும். பாட்டு கேட்டு வலி குறைஞ்சதுன்னு சொல்ற ஆய்வெல்லாம் எந்த வலியைக் கேட்டாங்கன்னு பாருங்க. அசையாம கிடக்கும்போதா, எழுந்து நடக்கும்போதா?

அதுக்காகப் பாட்டு வேண்டாங்கல. எங்க வார்டுல பாட்டைச் சேர்க்கறதுக்கு முன்னால சத்தத்தைக் கழிக்கணும். மானிட்டர் அலாரம், ட்ராலி சக்கரம், சுவத்துல டிவி, பக்கத்துப் பெட் அட்டெண்டர் ஸ்பீக்கர்ல போடுற வீடியோ. வார்டுல ராத்திரி 30 டெசிபலுக்கு மேல போகக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 1999-லயே சொல்லிருச்சு. எங்க வார்டு ஃபேனே அதைத் தாண்டும். நர்ஸிங் படிச்சப்போ நைட்டிங்கேல் அம்மா எழுதினதை மனப்பாடம் பண்ணினோம். நோயாளிக்குப் பக்கத்துல தேவையில்லாத சத்தம் போடுறது கொடுமைன்னு 1859-லயே கோபப்பட்டிருக்காங்க. புல்லாங்குழல், வாய்ப்பாட்டு, தந்தி வாத்தியம் மாதிரி இழையா வர்ற நாதம் நோயாளிக்கு நல்லது, பியானோ ஆகாதுன்னும் எழுதியிருக்காங்க. பியானோ மேல அவங்களுக்கு என்ன கோபமோ!

#6 சுதிப்பெட்டி
சிஸ்டர், நன்றி. நாதம் இழையா வரணும்னு நைட்டிங்கேல் சொன்னதைத்தான் நாங்களும் சொல்றோம். நான் வயலின் வாசிக்கிறவன். எந்த இசையும் ஒண்ணுதான்னு டாக்டர் சொல்றதை ஏத்துக்க முடியல. குழந்தையைத் தூங்க வைக்க நீலாம்பரி பாடுறதுக்கு ஒரு காரணம் இருக்குமில்ல? அந்த 73 ஆய்வுல எத்தனை பேர் நம்ம ராகத்தை முறையா வாசிச்சுப் பார்த்தாங்க?

இன்னொரு தகவல். 1914-லயே அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஈவன் கேன்னு ஒரு சர்ஜன், ஆபரேஷன் அறையில கிராமஃபோன் வச்சு நோயாளியோட பயத்தைத் தணிச்சதா அந்த நாட்டு மருத்துவ சங்க இதழுக்கு எழுதியிருக்கார்.

#7 கருப்பட்டி_காபி
அதே ஈவன் கேன்தான் 1921-ல தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தவர். மரப்பு ஊசி போட்டுக்கிட்டுத்தான். கிராமஃபோன் மட்டும் போதும்னு அவரே நம்பல.

#8 மயக்கமருந்து_மாறன்
சுதிப்பெட்டி சார், நீலாம்பரியில் எனக்கும் தூக்கம் வரும். அது நான் கேட்டு வளர்ந்த பாட்டு என்பதால் வருகிறதா, ராகத்தின் சுரங்களால் வருகிறதா என்பதுதான் கேள்வி. நீலாம்பரியே கேட்டிராத ஒரு நார்வேக்காரருக்கு அதே வேலையைச் செய்தால் உங்கள் கட்சி. அம்மாவுக்குப் பிடித்த ராகம் ஆனந்தபைரவி என்றால் தாராளமாகப் போடலாம். பிடிக்காத அம்மாவுக்கு "இதுதான் மருந்து" என்று திணிக்க வேண்டாம்.

ஆதாரம் கேட்ட "ஏமாத்த முடியாது" கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த ஆய்வு அது.

ஜெர்மனியில் ஐந்து ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்தது, 2020 கடைசியில் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. முழு மயக்கத்தில் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் ஆபரேஷன் செய்துகொண்ட 385 பேர். எல்லோர் காதிலும் இயர்ஃபோன். ஒரு பாதிக்கு, பின்னணியில் இசையோடு இதமான குரலில் பேச்சு: நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள், உடம்பு ஓய்வெடுக்கிறது, எல்லாம் நல்லபடி போகிறது என்கிற ரகம், ஹிப்னாசிஸ் முறையை ஒட்டி எழுதியது. இருபது நிமிடம் ஓடும், பத்து நிமிடம் மௌனம், மறுபடி முதலிலிருந்து. மற்றப் பாதிக்கு வெற்றுப் பதிவு, ஒன்றும் கேட்காது. நோயாளிகள் மயக்கத்தில். சுற்றி நின்றவர்களுக்கும் யார் காதில் என்ன ஓடுகிறது என்று தெரியாது.

பேச்சு ஓடியவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் ஓபியாய்ட், அதாவது மார்ஃபின் வகை வலி மருந்து, 34 சதவீதம் குறைவாகத் தேவைப்பட்டது. வலி மதிப்பெண் 25 சதவீதம் குறைவு. மருந்து குறைவாக வாங்கியவர்களுக்கு வலியும் குறைவு என்பதைக் கவனியுங்கள். வெற்றுப் பதிவு வாங்கியவர்களில் 80 சதவீதம் பேருக்கு ஓபியாய்ட் வேண்டியிருந்தது, பேச்சு ஓடியவர்களில் 63. ஆறு பேருக்குப் போட்டால் ஒருவர் ஓபியாய்டே இல்லாமல் சமாளிப்பார் என்று கணக்கு. யார் காதில் என்ன ஓடியது என்று தெரியாததால், ஹெட்ஃபோன் மாட்டிவிட்ட சிஸ்டர் மனம் கோணாமல் பதில் சொல்லும் பேச்சுக்கே இதில் இடமில்லை.

இதைப் படித்தபின் ஆபரேஷன் தியேட்டரில் நான் பேசும் பேச்சு மாறியது. நோயாளி மயங்கிவிட்டார், காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு என்னென்னவோ பேசுகிறோம்.

#9 ஆதாரம்_எங்கே
சரி, இது கனமான ஆய்வு. வாபஸ் வாங்கல, ஆனா மரியாதை கூடிருச்சு. வேற கண்டம், வேற மொழி, வேற குழு திருப்பிச் செய்து அதே முடிவு வந்தா நானே ஹெட்ஃபோன் வாங்கித் தர்றேன்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன்னா, இந்தப் படம் ஏற்கனவே ஒரு தடவை ஓடிட்டுது. 1960-ல சயன்ஸ் இதழ்ல ஒரு கட்டுரை. கார்ட்னர்னு பாஸ்டன் பல் டாக்டர், கூட லிக்லைடர். ஆமா, இணையம் வர்றதுக்கு வித்து போட்டவர்னு சொல்வாங்களே, அதே லிக்லைடர்தான். நோயாளி காதுல ஹெட்ஃபோன், கையில குமிழ். முதல்ல இசை, துளைபோடுற மெஷின் பல்லுல படும்போது குமிழைத் திருப்பினா அருவி கொட்டுற மாதிரி இரைச்சல். முன்னால லாஃபிங் கேஸோ மரப்பு ஊசியோ தேவைப்பட்ட ஆயிரம் பேர்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு இது மட்டுமே போதும்னு எழுதினாங்க. அமெரிக்காவுல மெஷின் பண்ணி வித்தாங்க. மூணு வருஷம் கழிச்சு வலி ஆய்வாளர் ரொனால்ட் மெல்சாக் குழு ஐஸ் தண்ணி வலியைத் தாங்குற சோதனை வச்சுப் பார்த்தாங்க. வெறும் சத்தம் ஒண்ணும் பண்ணல. "இது வலியைக் குறைக்கும்"னு வெறும் வார்த்தை சொன்னாலும் ஒண்ணும் ஆகல. ரெண்டும் சேர்ந்தப்போதான் தாக்குப்பிடிச்சாங்க. அந்த மெஷின் இன்னைக்கு எந்தப் பல் டாக்டர்கிட்ட இருக்கு?

#10 யாழினி_லெஸ்டர்
நான் இங்கிலாந்தில மிட்வைஃபா வேலை செய்யிறன். பிரசவ நோவுக்கு இஞ்ச ஹிப்னோபேர்த்திங் எண்டு சீடி, ஆப் எல்லாம் நல்லா விக்குது. அதால ஒரு எதிர்ப்பக்கமும் சொல்லவேணும். வடமேற்கு இங்கிலாந்தில முதல் பிள்ளை வயித்தில இருந்த 680 பேரை வச்சு ஒரு பெரிய ஆய்வு செய்தவை, 2015-ல வந்தது. ரெண்டு வகுப்பு, பிறகு ஒவ்வொரு நாளும் வீட்டில கேக்க ஒரு சீடி. நோ தெரியாமல் இருக்க முதுகில போடுற எபிடியூரல் ஊசி கேட்டவை சீடிக் கூட்டத்தில 28 சதவீதம், மற்றக் கூட்டத்தில 30. வித்தியாசம் இல்லை எண்டுதான் அர்த்தம். அதுக்கு முதல் டென்மார்க்கில ஆயிரத்துக்கு மேல தாய்மாரை வச்சுச் செய்ததும் அப்பிடித்தான் முடிஞ்சது.

ஆனா இன்னொரு பக்கம் இருக்கு. சீடி கேட்டவைக்குப் பயம் அவை நினைச்சிருந்ததைவிடக் குறைவா இருந்ததாம். என்ர அனுபவமும் அதுதான். நோ குறையிறேல்லை, நோவைப் பாத்து வாற பதகளிப்புக் குறையுது. ரெண்டையும் ஒண்டாக் குழப்பி வித்துப்போட்டு, கடைசியில எபிடியூரல் கேட்ட பிள்ளை "நான் தோத்துப்போனன்" எண்டு அழுறதைப் பாக்க எனக்கு ஏலாது.

#11 சுதிப்பெட்டி
யாழினி அக்கா சொல்றது புரியுது. ஆனா வலி, பயம்னு ரெண்டா வெட்டிப் பிரிக்க முடியுமா? வலிங்கறது உடல் உணர்வும் மன உணர்ச்சியும் கலந்த அனுபவம்னுதானே உலக வலி ஆய்வுச் சங்கமே வரையறுக்குது?

"எல்லாம் நம்பிக்கைதான்"னு சொல்றவங்களுக்கு எலிக் கதை ஒண்ணு. 2022-ல சயன்ஸ் இதழ்ல சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதினது. எலியோட பாதத்தை வீங்க வச்சு, சத்தம் கேட்க வச்சுப் பார்த்தாங்க. வலி உணர்வு குறைஞ்சது. எலிக்கு யாரும் "இது வலி நீக்கும்"னு சொல்லல.

#12 கருப்பட்டி_காபி
எலிக்கு என்ன ராகம் போட்டாங்க?

#13 மயக்கமருந்து_மாறன்
சுதிப்பெட்டி சார் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார், மீதி அவருக்குப் பிடிக்காது. ஐரோப்பிய இசைமேதை பாஹின் இசையையும் போட்டார்கள், அதையே அபசுரமாக மாற்றியும் போட்டார்கள், வெறும் இரைச்சலையும் போட்டார்கள். மூன்றும் ஒரே மாதிரி வேலை செய்தன. முடிவு செய்தது ஒலியின் அளவு. அறைச் சத்தம் 45 டெசிபல், அதைவிட ஐந்து கூட்டி 50-ல் வைத்தபோது வலி இறங்கியது. 60-க்கு ஏற்றியபோது பலனில்லை. மூளையில் கேட்கும் பகுதியிலிருந்து, உணர்வுகளைக் கடத்தும் தலாமஸ் என்ற பகுதிக்குப் போகும் பாதை அடங்குவதையும் கண்டார்கள்.

எலியை மனிதனாக்க முடியாது. இருந்தாலும் சிஸ்டர் சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள். மெல்லிய ஒலி சுற்றுச்சத்தத்தைச் சற்றே தாண்டினால் போதும் என்றால், சுற்றுச்சத்தமே உச்சத்தில் இருக்கும் வார்டில் அதை எங்கே வைப்பது?

#14 ஆதாரம்_எங்கே
டாக்டர், ஒரு முரண்பாடு. #3-ல தோள் வலி வரும்னு அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்கன்னீங்க. #8-ல காதுல விழுற வார்த்தையே வலியை மாத்தும்னீங்க. அப்ப வலி வரும்னு சொன்னா வலி கூடாதா?

#15 மயக்கமருந்து_மாறன்
நல்ல பிடி. 2010-ல் பிரசவ எபிடியூரல் ஆய்வு ஒன்று வந்தது. முதுகில் முதலில் மரப்பு ஊசி போடுவோம். ஒரு கூட்டத்திடம் "இந்த இடம் மரத்துப்போகும், நீங்கள் வசதியாக இருப்பீர்கள்" என்றார்கள். மற்றக் கூட்டத்திடம் "பெரிய தேனீ கொட்டியதுபோல் இருக்கும், இதுதான் இருப்பதிலேயே மோசமான கட்டம்" என்றார்கள். அதே ஊசி, அதே மருந்து. வலி முதல் கூட்டத்தில் பத்துக்கு 3, இரண்டாவதில் 5.

நம் ஊரில் தினமும் சொல்கிறோமே, "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்" என்று! ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறோம்.

அதற்காக உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. "தோள் பயங்கரமா வலிக்கும்" என்பது ஒரு பேச்சு. "உள்ளே ஏற்றிய காற்று வெளியேறும் வரை தோளில் ஒரு இறுக்கம் தெரியலாம், எழுந்து நடந்தால் குறையலாம், மருந்தும் இருக்கிறது" என்பது வேறு பேச்சு. இரண்டும் உண்மைதான். தேன்மொழி, அம்மாவிடம் இரண்டாவதைச் சொல்லுங்கள்.

#16 எலும்புமுறிஞ்சவன்
இவ்வளவு நேரம் படிச்சிட்டே இருந்தேன், இப்ப கோபம். போன வருஷம் பைக்ல விழுந்து தொடை எலும்பு முறிஞ்சது. ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். கம்பி வச்ச அன்னைக்கு ராத்திரி வலியில கத்திட்டுக் கிடக்கேன். "இப்பத்தான ஊசி போட்டோம், அடுத்தது காலையிலதான், ஃபோன்ல நல்ல பாட்டாக் கேளுங்க"ன்னாங்க. காலையில கேஸ் ஷீட்டைப் பார்த்தா "தேவைப்பட்டால்"னு இன்னொரு ஊசி எழுதியே இருக்கு. போடல, அவ்வளவுதான். இந்த மாதிரி ஆய்வையெல்லாம் இவங்க கையில கொடுத்தா, ஊசிக்குப் பதில் பாட்டுன்னு ஆக்கிருவாங்க.

#17 சிஸ்டர்_ஜெபா
தம்பி, அது தப்பு. நர்ஸா இருந்து சொல்றேன், எழுதியிருந்த மருந்தைக் கேட்டும் கொடுக்காம விட்டது தப்பு.

டாக்டர், இதை நீங்க பேசணும். வெளிநாட்டுல பாட்டு, பேச்சுன்னு தேடுறாங்கன்னா அங்க ஓபியாய்ட் மிதமிஞ்சிப் போய் ஆளையே கொன்னுட்டு இருக்கு, குறைக்க வழி பார்க்குறாங்க. நம்ம கதை தலைகீழ். 1985 போதைமருந்துச் சட்டத்துக்கு அப்புறம் மார்ஃபின் வாங்கி வைக்கிறதே லைசன்ஸ் தலைவலியா இருந்துச்சு. 2014-ல சட்டத்தைத் திருத்தி இளக்கினாங்க, இருந்தும் பயம் போகல. பாதி இடத்துல பாராசிட்டமால் டிரிப்பும் வீரியம் குறைஞ்ச டிராமடாலும்தான். கொடுக்கவே கொடுக்காத மருந்தை எதை வச்சுக் குறைக்கறது?

#18 மயக்கமருந்து_மாறன்
ஒப்புக்கொள்கிறேன், மறு பேச்சில்லை. நேரத்துக்கு மருந்து, தேவைப்பட்டால் நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி, அதன்பின் மீதி இருக்கும் வலிக்குத்தான் ஹெட்ஃபோன். வரிசை மாறினால் அது சிகிச்சை இல்லை, சிக்கனம். ஹெட்ஃபோன் வைத்தும் வலி ஏறிக்கொண்டே போனால் ரத்தக்கசிவா, தொற்றா, கட்டு இறுகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். வலி ஒரு அலாரமும்கூட. எலும்பு முறிவில் அதைப் பாட்டால் மூடினால் காலே போகலாம்.

#19 தேன்மொழி_மதுரை
எல்லாருக்கும் நன்றி. சந்தா கட்டல. அம்மாவுக்குப் பழைய பக்திப் பாட்டும் வானொலி நாடகமும் பிடிக்கும். நாடகம் போடலாமா? எந்த மாதிரி ஹெட்ஃபோன்?

#20 சிஸ்டர்_ஜெபா
நாடகம் போடும்மா, ஆனா மாமியார் சண்டை இல்லாத நாடகமா. காதை மூடுற ஹெட்ஃபோன் நல்லது, காதுக்குள்ள சொருகுறது படுத்தா உறுத்தும். உங்க வீட்டுதையே கொண்டு வாங்க, அடுத்த பெட்டுக்கு இரவல் கொடுக்காதீங்க, தொற்று. பேர் எழுதி ஒட்டுங்க, இல்லேன்னா பெட்ஷீட்டோட சலவைக்குப் போயிரும். சத்தம் குறைவா வைங்க, நான் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்கணும், அதான் அளவு. நிறுத்துற பட்டன் அம்மா கையில இருக்கட்டும், உங்க கையில வேண்டாம். காது மெஷின் போடுறவங்களா இருந்தா முழிச்சதும் அதைத்தான் முதல்ல மாட்டணும், பாட்டு அப்புறம். பாட்டு கேட்டுக்கிட்டே தூங்கிட்டாங்கன்னு நினைச்சு விட்டுடாதீங்க. சுகர் இருக்குன்னீங்க, கூப்பிட்டா முழிக்கிறாங்களான்னு பாருங்க.

#21 ஆதாரம்_எங்கே
டாக்டர், அந்த ஜெர்மன் பதிவு மாதிரி தமிழ்ல ஒண்ணு எழுதி உங்க தியேட்டர்ல போட்டுப் பார்க்கலாமே? பாதிப் பேருக்கு வெற்றுப் பதிவு, அதே மாதிரி. குரலுக்கு ஆள் இங்கயே கிடைக்கும்.

#22 மயக்கமருந்து_மாறன்
ஆசைதான். ஆனால் நோயாளியிடம் முன்பே விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும், எதிக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும், புள்ளிவிவரக்காரர் வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் காதில் என்ன சொல்கிறோம் என்பது விளையாட்டல்ல. கமிட்டிக்கு எழுதிப் போட்டாலும் பதில் வர மாதங்கள் ஆகும்.

#23 சிஸ்டர்_ஜெபா
அது வரட்டும் டாக்டர். வார்டு டிவியை ராத்திரி ஒன்பது மணிக்கு அணைக்க எந்தக் கமிட்டிக்கு எழுதணும்?